கிடங்குக்காரர் பிடித்து வைத்த பனிக்காலம்

கிடங்குக்காரர் பனிக்காலத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு இழுத்த மூச்சை, வெயில் காலம் பிறந்து முப்பத்தோராம் நாள்வரை விடவில்லை. மொத்தம் எழுபத்திரண்டு நாள். அந்த எழுபத்திரண்டு நாளும் அவர் வேலைக்குப் போனார், சாப்பிட்டார், தூங்கினார், இரண்டு தடவை முடி வெட்டிக்கொண்டார், கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். அந்த வருஷம் கிழங்கு வரத்து குறைவு. கிடங்கின் நான்காம் அறை பாதி காலியாகவே கிடந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லும்போது இதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்வது.

அவருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த உருளைக்கிழங்குக் கிடங்கில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்திருந்தார். ஜன்னலே இல்லாத நான்கு பெரிய அறைகள், ஒரு சாண் கனமுள்ள கதவுகள், எந்நேரமும் நாலு டிகிரி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே காது மடல் மரத்துப்போகும். இந்த நான்கு அறைகளுக்கும் வெளிவாசலுக்கும் இடையில் நடு அறை என்று ஒன்று. குளிரில் ஆறு மாதம் கிடந்த கிழங்கை நேராகக் கொண்டுபோய் வெயிலில் வைத்தால் அதற்கு வியர்க்கும். வியர்த்த கிழங்கு நாலே நாளில் கறுத்து அழுகிவிடும். அதனால் மூட்டைகளை முதலில் நடு அறையில் அடுக்கி, ஒரு நாளைக்கு இரண்டு டிகிரி வீதம் சூட்டை ஏற்றி, ஒரு வாரம் பழக்கிய பிறகுதான் வெளியே விடுவார்கள். அவசரத்தில் வருகிற வியாபாரிகள் லாரியை உறுமவிட்டுக்கொண்டு கத்துவார்கள். கிடங்குக்காரர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நடு அறையில் மூன்று தெர்மாமீட்டர் மாட்டியிருந்தார். மூன்றும் மூன்று கணக்கு சொல்லும். மூன்றையும் நம்பாமல் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

அவர் நம்பாத மற்றவை: வானொலியில் சொல்லும் வானிலை, மருந்துச் சீட்டில் டாக்டர் எழுதும் எழுத்து, சிரித்துக்கொண்டே பேசும் மேனேஜர், கீழ்வீட்டுத் தையல்காரரின் அளவு நாடா. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதற்கு மேல் படித்தவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். அது எல்லா இடத்திலும் தப்பான எண்ணம் என்று சொல்லிவிட முடியாது.

அவருடைய மனைவிக்குப் பருவம் மாறினால் ஆகாது. குளிர் வந்தால் குளிரைத் தாங்குவாள், வெயில் வந்தால் வெயிலைத் தாங்குவாள். ஒன்று போய் இன்னொன்று வருகிற அந்த வாரம்தான் அவளைப் படுக்கையில் தள்ளும். வருஷத்துக்கு இரண்டு தடவை. முதலில் தொண்டை கட்டும், பிறகு நெஞ்சு கட்டும், பிறகு சுவரோரமாக உட்கார்ந்து மூச்சுக்கு அல்லாடுவாள். பத்து வருஷம் அப்படி வந்தது, கஷாயத்தோடு போனது. கடைசி நாலு வருஷத்தில் ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிட ஒரு பிடி அதிகமாகப் பிடித்தது. அந்த வருஷம் வெயில் போய்ப் பனி வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த மாற்றத்தை இந்த நெஞ்சு தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது, யோகா வகுப்பில் சேர்த்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லிப் பாருங்கள் என்றார். மருந்து தீர்ந்துபோனவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று கிடங்குக்காரருக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த மாற்றம் என்பது எத்தனை நாளில் என்று அன்று இரவே விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

வகுப்பு அச்சகத்துக்கு மேலே முதல் மாடியில், செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு. சொல்லிக்கொடுப்பவளை ஊரில் மூச்சு டீச்சர் என்பார்கள். முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவள். ஒல்லியான உடம்பு, ஓயாத மூக்கடைப்பு. வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் கையில் கைக்குட்டை இருக்கும். ஆனால் சொல்லிக்கொடுப்பதில் குறை சொல்ல முடியாது. குளிரில் உடம்பு சுருண்டு கிடக்கும், அப்போது கையைத் தூக்கு, குனி, நிமிர், கொஞ்சம் வேகமாகச் செய், ரத்தம் ஓடட்டும் என்பாள். வெயிலில் உடம்பு தானே ஓடும், அப்போது அதை உட்காரவை, மூச்சை நீளமாக விடு என்பாள். இரண்டுக்கும் நடுவே வருகிற பதினைந்து நாள்தான் முக்கியம் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"வெளியில பருவம் மாறிடுச்சுன்னு உடம்புக்கு யாரும் வந்து தகவல் சொல்றதில்லைங்க. நீங்கதான் சொல்லணும். அதட்டிச் சொல்லக் கூடாது. காதோட சொல்லணும்."

மனைவிக்கு அது பிடித்துப்போனது. கிடங்குக்காரர் அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே போய், பின்னால் கிடந்த மடக்கு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவளை என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா. ஆறு வாரம் பார்த்தார். ஏழாவது வாரச் செவ்வாய்க்கிழமை மூச்சு டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, இது சினிமாக் கொட்டகை இல்லீங்க. ஒண்ணு பாய்ல வந்து உக்காருங்க, இல்ல வெளியில போய் உக்காருங்க" என்றாள். பாயில் இருந்த மற்ற ஒன்பது பெண்களும் சிரித்தார்கள். அவருடைய மனைவி சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள், அதாவது சிரித்தாள். கிடங்குக்காரர் எழுந்துபோய் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டார். முழங்கால் இரண்டும் சுள்ளி முறிவது போலச் சொடுக்கின.

டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மூச்ச இழுங்க... இன்னும்... அப்படியே நிறுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்றாள். கிடங்குக்காரர் இழுத்தார். உண்மையில் அவர் மூச்சுப் பயிற்சிக்காக இழுக்கவில்லை. அவளுக்குச் சுடச்சுட ஒரு பதில் கொடுப்பதற்காக இழுத்தார். சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அவள் விடாதீங்க என்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய கைப்பேசி அடித்தது. அவளுடைய அண்ணன் ஏணியிலிருந்து விழுந்துவிட்டான் என்று செய்தி. அவள் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினாள். ஒன்பது பெண்களும் மூச்சை விட்டு, ஐயோ பாவம் என்றார்கள். கிடங்குக்காரர் விடவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. கிடங்கில் மூட்டை அடுக்குகளைத் தூக்க மேலே ஒரு சங்கிலிக் கப்பி தொங்கும். ஒருவன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், இன்னொருவன் அடுக்குக்குக் கீழே கையைவிட்டுக் கட்டை வைப்பான். கட்டை வைப்பவன், நான் சொல்ற வரைக்கும் விடாதே என்பான். அவன் வாயால் விடு என்று வந்தால்தான் விட வேண்டும். கிடங்குக்காரர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், அறையின் அந்தக் கோடியில் யாரோ யாரிடமோ எதற்கோ விடு என்று கத்தினான். அவர் விட்டுவிட்டார். கீழே இருந்தவன் அவருடைய சிநேகிதன். அவனுக்கு இடது கையில் மூன்று விரல் போனது. அன்றிலிருந்து பிடி என்று சொன்ன வாயே விடு என்று சொல்லாமல் அவர் எதையும் விட்டதில்லை. வீட்டில் கொடிக்கயிற்றின் முனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மனைவி பக்கத்து வீட்டில் பேசப் போய், முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோதும் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

மூச்சு இல்லாமல் பேச்சு வராது. ஆகவே அன்று முதல் அவர் பேசவில்லை. ஊரில் ஒரு சங்கதியை வெளியே சொல்லாதவனை மூச்சு விடவில்லை என்பார்கள். இவர் விஷயத்தில் அதில் கூட்டல் குறைச்சல் ஒன்றும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் மனைவி அவர் மூக்குக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. "விடுங்களேன், போதும்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். பிடி என்று சொன்னது அவள் இல்லையே. டீச்சரின் எண்ணுக்குப் பேசிப் பார்த்தாள். அண்ணனின் ஊரில் இருந்தவளுக்கு மணி போகவில்லை. டாக்டர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, நெஞ்சு நிறைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜர் வேலை விதிகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தார். தொழிலாளி தலைக்கவசம் அணிய வேண்டும் என்று இருந்தது, கையுறை அணிய வேண்டும் என்று இருந்தது, மூச்சு விட வேண்டும் என்று எங்கும் இல்லை. சரி, வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும், "அண்ணி, இருபது வருஷமா இந்த மாடியில இருந்து சத்தம் கேக்காத நாளே கிடையாது. இப்ப மெஷின் ஓடுறது எனக்கே கேக்குது. டீச்சருக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்" என்றார். கிடங்குக்காரர் சிலேட்டுப் பலகை ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சாக்கட்டியால் எழுதினார். தையல்காரருக்கு அவர் எழுதிய முதல் வாக்கியம் எழுத்துப் பிழை நிறைந்தது. பிழையில்லாமல் இருந்தாலும் இங்கே எடுத்துச் சொல்ல முடியாது.

நாற்பத்தோராம் நாள் ஊரில் பருவம் மாறியது. காலையில் கம்பளியோடு எழுந்தவர்கள் மத்தியானத்துக்குள் சட்டையைக் கழற்றினார்கள். தார் ரோடு இளகியது, நாய்கள் வண்டிகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. கிடங்குக்காரரின் வீட்டில் மட்டும் பனி போகவில்லை. அந்த இரண்டு அறைகளிலும் சமையல்கட்டிலும் ஜன்னல் கண்ணாடி வெளுத்தே இருந்தது, தேங்காய் எண்ணெய் உறைந்தே இருந்தது, குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசவைத்தது. பனிக்காலத்தின் நடுவில் இழுத்த மூச்சு. அதை வெளியே விடாதபோது பனிக்காலம் மட்டும் எப்படி வெளியே போகும். அவர் வேலைக்குப் போன நேரத்திலும் அது வீட்டில் இருந்தது, நாற்காலியில் கழற்றிப் போட்ட அவருடைய மேல்சட்டையைப் போல. வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒரு பருவம், அந்தப் பக்கம் ஒரு பருவம். எல்லை எது என்று தெரியவேண்டியவர்கள் வாசலில் விரித்திருந்த கால்மிதியைப் பார்த்தால் போதும், பாதி ஈரமாக இருக்கும், பாதி காய்ந்திருக்கும்.

அந்த வாரம் மனைவிக்கு ஒன்றும் வரவில்லை. தொண்டை கட்டவில்லை. சுவரோரம் உட்காரவில்லை. மாறாத வீட்டில் எது வந்து அவளை மாற்றும். பாயை விரித்துப்போட்டுக்கொண்டு, டீச்சர் சொல்லியிருந்த பனிக்காலத்துப் பயிற்சிகளைச் செய்தாள். கைகளைத் தூக்கினாள், குனிந்து பாதத்தைத் தொட்டாள், முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு பருவ மாற்றத்தை நின்றுகொண்டே பார்த்தாள், அதுவும் ஜன்னல் வழியாக. கீழ்வீட்டுத் தையல்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மேலே வந்து, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். தெருவில் சிலர் பாலையும் தயிரையும் கெடாமல் இருக்க அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மூன்று நாளில் அதுவும் பழகிவிட்டது. பொருளை வைத்துவிட்டுப் போகிறவர்கள் மாடி வீட்டில் குளிர் எப்படி என்றுகூடக் கேட்பதில்லை, அடையாளத்துக்குக் கிண்ணத்தில் நூல் கட்டியிருக்கிறோம் என்று மட்டும் சொல்வார்கள்.

மூச்சு டீச்சர் நாற்பத்து நான்காம் நாள் ஊருக்குத் திரும்பினாள். அண்ணன் தேறிவிட்டான். விஷயம் காதில் விழுந்ததும் பதறிக்கொண்டு மாடியேறி வந்தாள். கிடங்குக்காரர் வீட்டில் இல்லை. மனைவி கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

"வந்துட்டீங்களா டீச்சர். இப்ப சொல்லிடாதீங்க."

"என்னம்மா சொல்றீங்க? அந்த மனுஷன் ஒன்றரை மாசமா..."

"ஒரு வாரம். இந்த ஒரு வாரத்த மட்டும் தாண்டிக்கிறேன். அப்புறம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஒரு வாரம் கழித்து டீச்சர் மறுபடி வந்தாள். இன்னும் நாலு நாள் என்றாள் மனைவி. மூன்றாவது தடவை கதவைத் திறக்கவே இல்லை, உள்ளேயிருந்து வீட்டில் ஆளில்லை என்று அவளே சொன்னாள். அதைச் சொன்ன பிறகு அரை மணி நேரம் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

அதற்குள் கிடங்குக்காரர் களைத்துப்போயிருந்தார். சுமப்பவனின் களைப்பு வேறு, அது இறக்கி வைத்தால் போய்விடும். பிடித்துக்கொண்டு நிற்பவனின் களைப்பு எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தோள் இரண்டும் ஏறிக் காதைத் தொட்டன. நகக்கண்கள் நீலம் பாரித்தன. நெஞ்சு புடைத்துக்கொண்டே வந்ததில் தையல்காரர் அவருடைய சட்டைகளை இரண்டு தடவை பிரித்து அகலமாக்கினார். இரண்டாம் தடவை அளவு நாடாவைப் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை வைத்து அளந்தார். கிடங்கில் ஒரு மூட்டையை நகர்த்திவிட்டு அடுத்த மூட்டைமேல் உட்கார வேண்டியிருந்தது. உள்ளே இருக்கிற குளிருக்கு நாலு டிகிரி அறையே அவருக்குக் கதகதப்பாகப்பட்டது. அறுபதாம் நாளுக்குப் பிறகு சிலேட்டில் எழுதுவதையும் குறைத்துக்கொண்டார். முழு வாக்கியங்கள் ஒரு சொல்லாகச் சுருங்கின, ஒரு சொல் ஒரு கோடாகச் சுருங்கியது. ஆம் என்றால் நின்ற கோடு, இல்லை என்றால் படுத்த கோடு.

எழுபத்திரண்டாம் நாள் நடு அறையில் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே அதன்மேல் சாய்ந்துவிட்டார். நாலு பேர் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து மாடியேற்றிக் கட்டிலில் போட்டார்கள். மனைவி அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். குழாயைத் தொட்டது போல் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டாள். அவர் படுத்தபடியே சிலேட்டை இழுத்து, எங்கே என்று எழுதிக் கேட்டார்.

"டீச்சரக் கூட்டிட்டு வரப் போறேன். அவங்க வந்து நாலு வாரம் ஆச்சு. நான்தான் திருப்பித் திருப்பி அனுப்பினேன். போதுமா? வேணும்னா திட்டுங்க."

அவர் திட்டவில்லை. சாக்கட்டியை எடுத்து, கோணல் எழுத்தில், தெறியும் என்று எழுதினார். மூன்று தடவையும் டீச்சர் படியேறியதை அவர் தையல்காரரின் கடையில் திரைக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தார். அவள் இறங்கிப் போகும்வரை வெளியே வரவில்லை. அதன்கீழே இன்னொரு வரி எழுதினார்: விட்டா நீ போய்டுவே.

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு முந்தானையால் சிலேட்டை அழுத்தித் துடைத்தாள்.

"நீங்க இப்படிப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறதப் பாத்துக்கிட்டே நான் ஒரு மூச்சு விடறேன் பாருங்க, அது என்ன மூச்சு? திருடித் தின்ன மாதிரி இருக்கு. நாப்பது வருஷமா உங்க சத்தத்தக் கேட்டு, எப்படா இந்த மனுஷன் வாய மூடுவார்னு இருந்தேன். மூடினீங்க. எனக்கு அதுவும் பிடிக்கல. போங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜர் அன்று காலை ஒரு வியாபாரிக்காக நடு அறை மூட்டைகளைக் கெடுவுக்கு முன்னே விடச் சொல்லியிருந்தார். அதற்கு இவர் படுத்த கோடு போட்டிருந்தார். அது நினைவில் வந்தது. கண்ணைத் திறந்து சிலேட்டை வாங்கி, நடு ரூம்பு என்று எழுதிக் காட்டினார். பக்கத்தில், ஒரு நாளைக்கு கொஞ்சம்.

முப்பத்து நான்கு வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் கிழங்குப் பேச்சு கேட்டவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "கடைசியில என்னை உருளைக்கிழங்குன்னே முடிவு பண்ணிட்டீங்க" என்றாள். அவர் நின்ற கோடு ஒன்று போட்டார். அவள் செருப்பு மாட்டியது மாட்டியபடி, கால்மிதியைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கினாள். இரண்டு தெரு. திரும்பி வரும்போது இருமிக்கொண்டுதான் வந்தாள்.

மூச்சு டீச்சர் கட்டிலருகே உட்கார்ந்து கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குளிரில் அவளுக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. நடு அறைக் கதையை மனைவி சொல்லக் கேட்டுவிட்டு, நானும் இதைத்தானேம்மா இத்தனை நாளும் பதினைந்து நாள் பதினைந்து நாள் என்று கத்தினேன் என்றாள். பிறகு கிடங்குக்காரரிடம், மரியாதையாக, தப்புச் செய்தவள் குரலில் சொன்னாள்: "ஐயா, சொல்றேன், விடுங்க. ஆனா மொத்தமா இல்ல. கதவுக்கு அடியில காத்து போற மாதிரி. நான் எண்ணறேன். எண்ணி முடிச்சதும் இன்னைக்கு அவ்வளவுதான், மறுபடி பிடிச்சுக்கணும்."

அவர் சம்மதமாகக் கண்ணைச் சிமிட்டினார். அவள் எட்டுவரை எண்ணினாள். அவர் மூக்கிலிருந்து ஒரு வெள்ளை இழை வந்தது, கொடிக்கயிறு கனத்துக்கு. ஜன்னல் வழியாகப் போய், தெருவின் வெயிலில் கரைந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை அளவு தெளிந்தது. அன்றைக்கு அவ்வளவுதான்.

அதன் பிறகு தினமும் காலை ஆறே முக்காலுக்கு டீச்சர் வந்தாள். கிடங்கிலிருந்து மூன்று தெர்மாமீட்டரையும் கொண்டுவந்து சுவரில் மாட்டினார்கள். அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு எட்டு எண்ணிக்கை விடுவார். கீழே பாயில் மனைவி அந்த நாளின் சூட்டுக்குத் தகுந்ததைச் செய்வாள். முதல் நாலைந்து நாள் பனிக்காலத்துப் பயிற்சியே, கொஞ்சம் வேகம் குறைத்து. பிறகு சுவரில் காலை நீட்டி வைத்துக்கொண்டு படுத்திருத்தல். பிறகு உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, நாலு எண்ணிக்கை இழுத்து எட்டு எண்ணிக்கை விடுதல். கடைசி நாட்களில் நாக்கைக் குழாய் போல் மடித்துக் குளிர்ச்சியாக இழுத்தல், அது வெயில் காலத்துக்கு உரியது. ஒன்பதாம் நாள் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சுக்குள் அந்தப் பழைய கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மூன்று பேருக்குமே கேட்டது. கிடங்குக்காரர் பாதி விட்ட மூச்சைக் கப்பென்று பிடித்தார். அன்றும் மறுநாளும் விடவில்லை, பத்து டிகிரியிலேயே வீட்டை நிறுத்தி வைத்தார். அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பதினோராம் நாள் அவளே எழுந்து பாயை விரித்து, "ம், எண்ணுங்க டீச்சர்" என்றாள்.

பதினேழாம் நாள் தேங்காய் எண்ணெய் உருகியது. மூன்று தெர்மாமீட்டரும் ஒரே கணக்கைக் காட்டின, அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை. டீச்சர் எட்டு எண்ணியும் அவர் நெஞ்சில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. "அவ்வளவும் விடுங்கய்யா" என்றாள். விட்டார். அதோடு, எண்பத்தொன்பது நாளுக்கு முன்னால் நாக்கு நுனியில் வந்து நின்றுபோன வாக்கியமும் சேர்ந்து வெளியே வந்தது.

"மூக்கடைச்சவ வந்து ஊருக்கு மூச்சு சொல்லிக்குடுக்கிறா."

சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இப்போது இல்லை. ஆனால் முதலில் உள்ளே போனது அதுதான், கடைசியில் வந்தது. டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்கய்யா. இருக்கிறவங்களுக்கு அதோட அருமை தெரியாது" என்றாள். மனைவி பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, நெஞ்சு தாளாமல் சிரித்தாள். இருமல் வரவில்லை. கிடங்குக்காரர் திரும்பிப் படுத்து இரண்டு நாள் குறட்டை விட்டுத் தூங்கினார். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்து, வந்துவிட்டது என்றார்.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதாவது பதினெட்டு மாற்றம். கிடங்கில் இப்போது வேறு ஆள். நடு அறையை ஒரு வாரத்திலிருந்து இரண்டு நாளாகக் குறைத்துவிட்டார்கள், கிழங்கு அழுகுகிறது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, கிடங்குக்காரரைக் கேட்கவும் இல்லை. மூச்சு டீச்சர் ஒரு வருஷம் கற்றுக்கொடுத்துவிட்டு, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிட்டாள். அதன் பிறகு இழுங்க என்றதும் மனைவிதான், விடுங்க என்றதும் மனைவிதான். பிடி என்று சொன்ன வாயே விடு என்றும் சொன்னதால் அவருக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. பருவம் திரும்புவதற்கு முந்தின நாள் காலையில் அவர் இழுத்து வைத்துக்கொள்வார். பதினேழு நாளில் விட்டு முடிப்பார். அந்தப் பதினேழு நாளும் அந்த வீடு ஊருக்குப் பின்னால் நடந்து வரும். மனைவிக்கு ஒன்பது வருஷத்தில் ஆஸ்பத்திரி இல்லை. இவருக்குத்தான் ஒவ்வொரு தடவையும் முடிந்த பிறகு ஒரு வாரம் எழுந்திருக்க முடியாது. அலுப்பாக இருக்கிறது என்பார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாற்றத்தின்போது அவருடைய நெஞ்சில் முழுப் பருவம் பிடிக்கவில்லை. வயது ஆகிறது. பாதி இழுப்பதற்குள் இருமல் வந்து, எடுத்ததெல்லாம் வெளியே போயிற்று. வெளியே அதற்குள் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு பாயைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து அவளும் இழுத்தாள். பாதி அவரிடம், பாதி அவளிடம். ஒரு மாற்றத்தைக்கூடத் தாங்கும் என்று டாக்டர் உறுதி சொல்லாத நெஞ்சு அரைப் பனிக்காலத்தை வாங்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. அன்றிலிருந்து அப்படித்தான். விடுங்க என்று யாரும் வாய்திறந்து சொல்ல முடியாததால், அவள் அவர் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டுவாள். இருவரும் எட்டு எண்ணிக்கை விடுவார்கள். மறுபடி தட்டுவாள், பிடித்துக்கொள்வார்கள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை, பதினேழு நாள், அந்த மாடியில் பேச்சு இருக்காது. புதிதாகக் குடிவந்தவர்கள் சில சமயம் கவலைப்பட்டுத் தையல்காரரிடம் கேட்பார்கள். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, அந்த வயதில் எந்த வீட்டில்தான் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிறார்கள் என்பார். கேட்டவர்கள் சரிதான் என்று, தயிர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஆணியில் தொங்கும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மேலே போவார்கள்.